டக்போட் டவுன் 2 லினக்ஸில் ஓடுமா?

நிக்குது. நாப்பது சதவீதத்துலயே நிக்குது. நின்னே போச்சுன்னு சொல்ல முடியாது, உள்ள ஏதோ நடந்துக்கிட்டுத்தான் இருக்கு, ஃபேன் போடுற சத்தம் தெருவுக்கே கேக்கும், பெட்டி மேல கைய வச்சா இட்லிக் கொப்பரை மாதிரி சுடுது. புது கேமை மொதத் தடவ திறந்தா இப்படித்தான், ஷேடர்னு ஒண்ணு, படம் வரையுறதுக்கான குறிப்பு, அதையெல்லாம் நம்ம கிராபிக்ஸ் கார்டுக்குத் தக்கன மாத்தி எழுதி வச்சிக்கிட்டுத்தான் உள்ள விடும். எனக்குத் தெரியாததா. எத்தன கேமுக்கு இந்தக் கோட்டப் பாத்துக்கிட்டே டீ குடிச்சிருக்கேன். இன்னைக்கு என்னமோ டீ போடக்கூட எந்திரிக்கல, கோட்டையே முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், கோட்டி பிடிச்சவன் மாதிரி. பக்கத்துல போன் கெடக்கு. போன்ல ஜெசிந்தா பேருக்கு நேரா பச்சப் புள்ளி, அதுக்குக் கீழ 'டக்போட் டவுன் 2 விளையாடுகிறார்'னு எழுத்து. மஸ்கட்ல இப்ப மத்தியானச் சாப்பாடு முடிஞ்சிருக்கும். வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில டூட்டி கெடையாது, நர்ஸ் குவார்ட்டர்ஸ்ல கட்டில் மேல கால நீட்டிக்கிட்டு லேப்டாப்ப மடியில வச்சிருப்பா. அவ மெஷின்ல விண்டோஸ், என்னதுல லினக்ஸ். அமுக்குனா, திறந்துச்சு, உள்ள போயிட்டா. என் பொண்டாட்டி அங்க துறைமுகத்துல தனியா நிக்கா, நான் இங்க தூத்துக்குடியில நாப்பதுல நிக்கேன். மெசேஜ் வேற போட்டிருக்கா. "வந்துட்டேன். என் படகுக்குச் செவப்பு பெயின்ட் அடிச்சிட்டேன். நீங்க எங்க?" வாரேன் பிள்ள, இந்தா வாரேன்னு பதில் போட்டாச்சு. போட்டுட்டேனே ஒழிய, வர முடியுமான்னு இன்னும் எவனுக்கும் தெரியாது.

"விண்டோஸப் போட்டுத் தொலையும் வே"ன்னு இசக்கிமுத்து சொல்லாத நாளு கெடையாது. ஷிப்பிங் ஆபீஸ்ல எனக்கு அடுத்த சீட்டு அவன், சரக்குக் காகிதமெல்லாம் நாங்க ரெண்டு பேரும்தான் தட்டுவோம். இன்னைக்கு வயித்துவலின்னு மேனேஜர்ட்ட சொல்லிட்டு மத்தியானமே கெளம்புதேன், வாசல் வரைக்கும் கூடவே வந்து நக்கலடிக்கான். "பெலிக்ஸ் அண்ணாச்சி, இது டக்போட் வயித்துவலிதான? ஊருல உள்ளவனெல்லாம் கேம் வாங்குனா ஆடுதான், நீரு ஒருத்தருதான் வாங்குனா ரிப்பேர் பாக்கீரு." சரி, சொல்லிட்டுப் போறான், அவன் சொல்லுறதுல பொய் ஒண்ணும் இல்ல. எனக்கு விண்டோஸ் மேல ஒரு கோவமும் கெடையாது. என் மெஷின்ல என்ன ஓடுது, எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான், வீட்டுக்குள்ள வயரிங் எங்க போவுதுன்னு தெரிஞ்சு வச்சிக்கிடுறவன் இல்லையா, நான் அந்த ரகம். ஆனா புது கேமு எங்க லினக்ஸ் ஆளுகளுக்கு நேரா ஓடுறது அபூர்வம். எல்லாம் விண்டோஸுக்குன்னு எழுதுனது, இடையில ஒரு அடுக்கு உக்காந்து அது பேசுறத லினக்ஸுக்குப் புரியுற மாதிரி அப்பப்பச் சொல்லிக் குடுக்கும், கேமுக்குத் தான் எந்த வீட்டுல இருக்கோம்னே தெரியாது, சொகமா ஓடும். சில கம்பெனிக்காரன் லினக்ஸுக்குன்னே தனிப் பதிப்பு போடுவான். கேக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கும், எங்க ஆளுக கொடி பிடிக்காத குறையா கொண்டாடுவானுவ. நான் ஒத்துக்கிட மாட்டேன். பெருமைக்குப் போடுவான், ஒரு வருசத்துல கைய விட்டுருவான், விண்டோஸ்காரனுக்கு மூணு அப்டேட் வந்த பொறவும் நமக்கு அந்தப் பழைய கஞ்சிதான். அதுக்கு 'எங்களுக்கு லினக்ஸ் தெரியாதுப்பா, அடுக்கு வச்சு ஓடுனா எங்களுக்கும் சந்தோசம்'னு சொல்லுதான் பாருங்க, அவன் யோக்கியன். நெட்டுல கேமு விக்கிற கடைக்குள்ள இன்னொரு கடை தொறந்து, அதுக்குத் தனிக் கணக்கு, தனிப் பாஸ்வேர்டுன்னு அலைய விடுதானே, அவன் அயோக்கியன். அவனக்கூட மன்னிச்சிருவேன். மன்னிக்கவே முடியாதவன் ஒருத்தன் உண்டு. ஓடும்னும் சொல்ல மாட்டான், ஓடாதுன்னும் சொல்ல மாட்டான், 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது'ன்னு ஒரே வரிய வருசக்கணக்குல போட்டு வச்சிருப்பான். ஏ மூதி, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லேன், நான் வேற சோலியப் பாக்கப் போறேன், எதுக்கு ஒருத்தன வாசல்லயே நிக்க வைக்க. நாப்பத்தஞ்சுக்கு வந்திருக்கு.

ஜெசியும் இதத்தான் கேட்டா. போன வாரம் போன்ல. கோவமா இல்ல, சும்மா, வெங்காயம் என்ன விலைன்னு கேக்குற மாதிரி. "என்னங்க, ஒப்பந்தம் முடியப் போவுது, திரும்பவும் ரெண்டு வருசம் போடவா வேண்டாமான்னு ஞாயித்துக்கிழமை சொல்லணுமாம். நீங்க என்ன சொல்லுதீங்க?" யோசிச்சுச் சொல்லுதேன்னேன். "போன மாசமும் யோசிச்சுச் சொல்லுதேன்னுதான் சொன்னீங்க." சத்தம் சரியாக் கேக்கல ஜெசின்னேன். கேட்டுது. நல்லாவே கேட்டுது, அவ ரூம் ஏசி எரையுறதுகூடக் கேட்டுது. "சரி, வெள்ளிக்கிழமை விளையாடும்போது பேசுவோம்"னு வச்சிட்டா. பரிசீலனையில் உள்ளது. சீ, எதையும் எதையும் கொண்டு போயி முடிச்சுப் போடுதேன், கம்பெனிக்காரன் வேற, நான் வேற. நான் என்ன வேணும்னா சொல்லாம இருக்கேன்?

எதப் பத்தி வேணும்னாலும் கேளுங்க, எனக்கு அபிப்பிராயம் உண்டு. கர்னல் அப்டேட் வந்தன்னைக்கே போடலாமா, கூடாது, ஒரு வாரம் பொறுக்கணும். எந்தக் கம்பெனி கார்டு வாங்கணும், எந்த டிரைவர் போடணும், கேமு ஜன்னல் நடுவுல சுருங்கிப் போச்சுன்னா எந்த வரியச் சேக்கணும், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பொண்டாட்டி ஊருக்கு வரணுமா வேண்டாமான்னு கேட்டா வாயில கொழுக்கட்ட. வீடு கட்டுறதுக்குன்னு போனா, வீடு கட்டியாச்சு, மாடியும் போட்டாச்சு. பாளையங்கோட்டை டாக்டரம்மா போன தடவையே சொல்லிட்டா, பிள்ளைன்னு ஒரு நெனப்பு இருந்தா இனிமே தள்ளிப் போடாதீங்கன்னு. எல்லாம் தெரியுது. வான்னு சொல்ல ஒரு எழுத்துதான். பயமா இருக்கு. இதுல வெக்கப்பட என்ன இருக்கு, எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆறு வருசத்துல நாங்க ஒரே வீட்டுல இருந்தது லீவுல அவ வந்த நாளு மட்டும்தான். போன கிறிஸ்மஸுக்கு வந்தா. மொத வாரம் சொந்தக்காரங்க, கேக்கு, பிரியாணி, பொழுது போனதே தெரியல. அதுக்குப் பொறவு ஒருநா டீத்தூள் டப்பாவக் காணும். அடுக்களையவே மாத்தி அடுக்கி வச்சிருக்கா. எங்க வச்ச, எதுக்கு மாத்துனன்னு ஒரு வார்த்த, கேட்டது ஒரே ஒரு வார்த்ததான். "என் வீட்டுல நான் டப்பாவ மாத்தி வைக்கக் கூடாதா? நான் என்ன விருந்தாளியா?"ன்னா. விருந்தாளி மாதிரிதான இருக்கன்னு சொல்லிட்டேன். நாக்குல சனி. ரெண்டு நாளு பேச்சு கெடையாது, அவ படுக்கையறையில, நான் இந்த ரூம்ல. மூணாவது நாளு சாயங்காலம் இங்க உக்காந்து பழைய டக்போட் டவுனத் திறக்கேன், துறைமுகத்துல அவ படகு நிக்கி. ஹெட்போன்ல அவ சத்தம், நடுவுல ஒரே ஒரு சொவரு. "பின்பக்கம் நான் தள்ளுதேன், நீங்க முன்பக்கம் கயித்தப் போடுங்க." போட்டேன். இழுத்தோம். கப்பலக் கொண்டு போயிக் கட்டிட்டு ரெண்டு பேரும் ரூம விட்டு வெளிய வந்து ஒண்ணா சாப்பிட்டோம், டீத்தூள் பேச்சே எடுக்கல. சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்கு உறக்கம் வரல, அந்தச் சொவர நெனச்சுக்கிட்டே கெடந்தேன். கேமு இல்லன்னா எங்களுக்குள்ள என்ன இருக்குன்னு.

மொத டக்போட் டவுன் மாதிரி ஒரு கேமு இனிமே வராது, அத எழுதிக் குடுக்கேன். எங்கயோ குளிரு தேசத்துல ரெண்டே பேரு சேந்து செஞ்சது. ஆளுக்கொரு இழுவைப் படகு, பெரிய கப்பலு துறைமுகத்துக்குள்ள வரும், ஒருத்தன் முன்னால இழுக்கணும் ஒருத்தன் பின்னால தள்ளணும், தனியா எவனாலும் ஒரு கப்பலையும் திருப்ப முடியாது, அவ்வளவுதான் ஆட்டம். லினக்ஸுக்குத் தனிப் பதிப்பு போட்டு, அதக் கைவிடாம, விண்டோஸுக்கு அப்டேட் வந்த அன்னைக்கே நமக்கும் விட்டானுவ. தனிப் பதிப்பே வேண்டாம்னு வாய் கிழியப் பேசுத நானே அதுக்கு மட்டும் கைதட்டுனேன். ஜெசிக்குக் கேமுன்னாலே ஆகாது, சின்னப்பிள்ளை மாதிரின்னு திட்டுவா, இத ஒருக்கா ஆடிப் பாருன்னு கெஞ்சி உள்ள கொண்டு வந்தேன், இப்ப என்னையே அதட்டுதா, "கயித்த லூசு விடுங்க, என் படகு சாயுது"ன்னு. போன்ல பேசுனா நாலு வரிதான் எங்களுக்கு. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, வெயிலு. கேமுக்குள்ள வந்துட்டா வாயே மூட மாட்டா, வார்டுல யாரு செத்தா, மேட்ரன் என்ன சொன்னா, கூட இருக்குற மலையாளத்துப் பிள்ளைக்குக் கல்யாணம், எல்லாம் கயித்த இழுத்துக்கிட்டே வரும். அப்புறம் அந்த ரெண்டு பேரும் கேமப் பெரிய கம்பெனி ஒண்ணுட்ட வித்துட்டுப் போயிட்டானுவ. போங்க, யாரு வேண்டாங்கா. வாங்குனவன் ரெண்டாம் பாகம் வருதுன்னு சொல்லிட்டுப் பழைய சர்வரப் போன வாரம் இழுத்து மூடிட்டான். புதுசுல ஆன்ட்டி-சீட் வச்சிருக்கான். அதான் கள்ளாட்டம் பிடிக்கிற காவக்காரன், மெஷினோட அடிவயிறு வரைக்கும் எறங்கிப் பாத்தாத்தான் ஆட விடுவேன்னு நிப்பான், லினக்ஸ்ல அங்க எறங்க அவனுக்கு வழி கெடையாது, கம்பெனி பாத்து பரவால்ல விடுன்னு சொன்னாத்தான் உண்டு. ஏல, ரெண்டு பேரு சேந்து கப்பல இழுக்குற கேமுல எவன்ல கள்ளாட்டம் ஆடப் போறான்? யாரத் தோக்கடிக்கதுக்கு? புருசனும் பொண்டாட்டியும் ஒரே கயித்தப் பிடிச்சிருக்கோம், இதுல ஒனக்கு எதுக்குல காவக்காரன்? தொண்ணூறு. தொண்ணூத்தஞ்சு. ஏசுவே.

நூறு. கறுப்புத் திரை. கம்பெனி முத்திரை, கடல் சத்தம், ஒரு கடற்புறா கத்துது. நெஞ்சு அடிச்சிக்கிடுது, பத்தாங்கிளாஸ் ரிசல்ட் பாத்தப்பகூட இப்படி அடிக்கல. சின்னதா ஒரு பெட்டி வந்து நடுவுல உக்காருது. 'உங்கள் இயங்குதளம் ஆதரிக்கப்படவில்லை.' சரின்னு ஒரே ஒரு பொத்தான். நான் சரின்னு சொல்லாம வேற என்ன சொல்ல, அதுக்கு வேற பொத்தானே வைக்கல. அமுக்குனேன், மூடிருச்சு. போச்சு. தெரிஞ்சதுதான், தெரிஞ்சுதான் காசக் குடுத்து வாங்குனேன், கடைசி நேரத்துல பரவால்லன்னு விட்டுருவான்னு ஒரு நப்பாசை. போன் 'டிங்'குங்குது. "எங்க இருக்கீங்க? மொதக் கப்பல் வந்து வெளிய நிக்கி." ரெண்டு நிமிசம் பிள்ள. எங்க ஆளுக கூடுற பக்கத்தத் திறக்கேன், எந்தக் கேமு ஓடுது, எது ஓடலன்னு உலகத்துல உள்ள லினக்ஸ்காரனெல்லாம் எழுதி வைக்கிற எடம் அது. அங்க நான் கொஞ்சம் பேரு வாங்குன ஆளு. 'எனக்கு ஓடுது'ன்னு மொட்டையா எழுதுறவன வாங்கு வாங்குன்னு வாங்குவேன், என்ன கார்டு, என்ன டிரைவர், எவ்வளவு நேரம் ஆடுன, எல்லாம் சொல்லுல, ஒனக்கு ஓடுறது ஊருக்கு ஓடுமான்னு கேப்பேன். அதுல இன்னைக்கு வந்ததெல்லாம் ஒரே ஒப்பாரி. ஓடல, ஓடல, ஆதரிக்கப்படல. அடியில ஒருத்தன், பேரு கெடையாது, வெறும் எண்ணு. கேமத் திறக்குற கட்டளையில இந்த வரியச் சேத்துக்கிடுங்க, காவக்காரன் இத விண்டோஸ்னு நம்பிருவான், நான் உள்ள போயிட்டேன். அவ்வளவுதான் எழுதியிருக்கான், மொட்டையா. அதுக்குக் கீழ கட்டம் கட்டி ஒரு எச்சரிக்க. காவக்காரன ஏமாத்துற வரிய யாரும் போடாதீங்க, இன்னைக்குத் தப்பிச்சாலும் கண்டு பிடிச்சிருவான், பிடிச்சான்னா கணக்கையே பூட்டிருவான், வேற கேமுல எத்தன பேரு இப்படிப் போயிருக்கான்னு எனக்குத் தெரியும். எழுதுனது யாருன்னா நான்தான். இன்னைக்குக் காலையில, ஆபீஸ்ல உக்காந்து, எவனும் கேக்காமலே எழுதி வச்சது.

அப்ப என்ன செய்யணும்? ஜெசிட்ட ஓடலன்னு சொல்லணும், போன்ல பேசணும். போன்ல பேசுனா சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அதுக்கு அடுத்த வரி ஞாயித்துக்கிழமைதான். கேமுக்குள்ளன்னா கயித்தப் பிடிச்சுக்கிட்டு, தண்ணியப் பாத்துக்கிட்டு, மூஞ்சியப் பாக்காம ஏதோ சொல்லிரலாம், வாயில வந்துரும், அங்க எனக்கு வாய் வரும். விண்டோஸ் போடலாம்தான், அதுக்கு எல்லாத்தையும் பத்திரப்படுத்தி, எடம் ஒதுக்கி, இறக்கி, ஏத்தி, ராத்திரி ஆயிரும், அதுக்குள்ள அவ தூங்கிருவா. அது மட்டுமா. இத்தன வருசம் போட மாட்டேன்னு நின்னுட்டு இப்பப் போட்டா அந்த இசக்கி ஆபீஸ்ல லட்டு குடுப்பான். ஒரே ஒரு வரி. ஒரே ஒரு நாளு. என் கணக்குதான, போனா என்னோட போவுது, அவ ஆடட்டும். பூட்டுறவன் உடனேயா பூட்டுவான், வாரக் கடைசியில ஒரு கும்பலாத்தான் பூட்டுவானுவ, அதுவரைக்கும் ரெண்டு கப்பலு கட்டிரலாம், பேசியும் முடிச்சிரலாம். ஊருக்கே சொன்னவன் செய்யலாமான்னா, ஊருல எவனுக்கும் ஜெசி காத்துக்கிட்டு நிக்கல. வரிய எடுத்து ஒட்டுனேன். கை என்னமோ நல்ல வேகமாத்தான் வேல செஞ்சுது. கடல் சத்தம். கடற்புறா. அந்தச் சின்னப் பெட்டி வரல. வரவே இல்ல.

அடேயப்பா, தண்ணி எப்படி வரைஞ்சிருக்கான். பழசுல தண்ணி நீலச் சேல விரிச்ச மாதிரி கெடக்கும், இதுல வெயிலு பட்டுச் சிலுசிலுன்னு அசையுது, என் கார்டு திணறாம தாங்குது, ஒரு எடத்துலகூட முக்கல, ஒரு அடுக்கு போட்டு ஏமாத்தி ஓட்டுற கேமான்னு சந்தேகமாயிருக்கு. "வந்துட்டீங்களா!"ன்னு ஹெட்போன்ல ஜெசி கத்துதா. செவப்புப் படகு என்னய ஒரு சுத்து சுத்தி வருது. "ஓடாதுன்னு இசக்கி அண்ணன் ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தாங்களே? எப்படி ஓட வச்சீங்க?" என் சாமர்த்தியம்னேன். "ஆமா, பெரிய சாமர்த்தியம், கயித்த எடுங்க மொதல்ல." எடுத்தேன். நிலக்கரிக் கப்பலு, மலை மாதிரி வருது. முன்பக்கம் நான் கட்டிட்டேன், பின்பக்கம் அவ மோதி நிக்கா. மேட்ரன் ஊருக்குப் போயிட்டாளாம், புது மேட்ரன் பரவால்லயாம், நேத்து ஒரு கெழவரு கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லயாம், தமிழும் தெரியாது மலையாளமும் தெரியாது, அவரு பாட்டுக்கு ஏதோ பேசிக்கிட்டே இருந்தாராம். இடது பக்கம், இடது பக்கம் பிள்ளன்னேன். "தெரியுது, கத்தாதீங்க." கப்பலு பைய திரும்புது. எனக்கு நெஞ்செல்லாம் லேசாயிட்டு. இதான், இவ்வளவுதான் எனக்கு வேணும், இந்த வெள்ளிக்கிழம இப்படியே போயிக்கிட்டே இருக்கணும். அப்புறம் சத்தத்தக் கொறச்சுக் கேக்கா. "நாளைக்கழிச்சு நான் என்னங்க சொல்லட்டும்?" கயிறு இறுகுது. இந்தா, இந்தக் கப்பலக் கட்டிட்டுச் சொல்லுதேன்னேன். "கட்டிக்கிட்டே சொல்லுங்க. எனக்கு வேற யாரு இருக்கா கேக்க? உங்களுக்கு நான் வரணுமா வேண்டாமா?" வாயத் திறந்தேன். சத்தியமா சொல்லுதேன், வாயத் திறந்துட்டேன், என்ன வந்திருக்கும்னு எனக்கே தெரியாது.

திரை அப்படியே நின்னுச்சு. தண்ணி நின்னுபோச்சு, செவப்புப் படகு நின்னுபோச்சு, ஹெட்போன்ல பொசுக்குன்னு ஒரு அமைதி. கறுப்பு மேல வெள்ள எழுத்து. 'விதிமீறல் கண்டறியப்பட்டது. இந்தக் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டுள்ளது.' அதுக்குக் கீழ பொடி எழுத்துல, 'இதே தொகுப்பில் வாங்கப்பட்ட அனைத்துப் பிரதிகளுக்கும் இது பொருந்தும்.' தொகுப்பு. ரெண்டு பேருக்கும் சேத்து ஜோடித் தொகுப்பாத்தான வாங்குனேன், அவளுக்கும் என் குடும்பக் கணக்குல இருந்துதான குடுத்தேன். அட சண்டாளா. அவளையும் சேத்துப் பூட்டிட்டான், எந்தத் தப்பும் செய்யாம விண்டோஸ்ல ஒழுங்கா ஆடிக்கிட்டு இருந்தவளையும் சேத்து. வாரக் கடைசியாம், கும்பலாப் பூட்டுவானாம், எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. போன்ல அவ பேருக்கு நேரா இருந்த எழுத்து போயிட்டு, வெறும் பச்சப் புள்ளி. அவளுக்குக் காரணம்கூடச் சொல்லாம மூடியிருப்பான், அவ என்ன நெனப்பா? கேட்ட ஒடனே கட்டாயிருக்கு. போன வாரம் சத்தம் கேக்கலன்னேன், இந்த வாரம் ஆளே இல்ல. நானா இருந்தா அப்படித்தான் நெனப்பேன். போன எடுக்கப் போறேன், அதுக்குள்ள அது அடிக்கி. ஜெசிதான்.

"கட் பண்ணிட்டீங்களா?"

இல்ல பிள்ள, சத்தியமா இல்ல, கேளுன்னு ஆரம்பிச்சேன். காவக்காரன், அந்த வரி, பேரு இல்லாதவன் எழுதுனது, நானே போடாதன்னு சொன்னது, ஜோடித் தொகுப்பு, பொடி எழுத்து, நிரந்தரம், இந்தக் கம்பெனிக்கு லினக்ஸ்காரன்னா எளக்காரம், பழைய ரெண்டு பேரு இருந்திருந்தா இப்படி நடக்குமா, எல்லாத்தையும் கொட்டுனேன். மூச்சு வாங்கிருச்சு.

"சொல்லி முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேன்."

"நான் ஒண்ணு கேட்டேனே."

கேட்டா. கையில கயிறும் இல்ல, பாக்கிறதுக்குத் தண்ணியும் இல்ல. எதிர்த்தாப்ல கறுப்புத் திரையில என் மூஞ்சிதான் தெரியுது, கண்ணாடி போட்ட தடியன் ஒருத்தன், போனக் காதுல வச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். சத்தம் கேக்கலன்னு சொல்லலாம். அவ ரூம் ஏசி எரையுறது நல்லாக் கேக்குது.

"வந்துரு ஜெசி. கையெழுத்துப் போடாத."

லைன் போயிட்டோன்னு போன எடுத்துப் பாத்தேன், போவல.

"கேமு ஓடிக்கிட்டு இருந்தா இதச் சொல்லியிருப்பீங்களா?"

ஆமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. ஆமான்னா சந்தோசப்படுவா, நம்பவும் செய்வா.

"சொல்லியிருக்க மாட்டேன்."

"தெரியும்"னா. மூக்க உறிஞ்சுற சத்தம், சிரிக்காளா அழுதாளான்னு பிடிபடல. பொறவு கேக்கா, "இந்தப் பூட்ட எப்பத் தொறப்பாங்க?"

"தொறக்க மாட்டானுவ. இனிமே கெடையாது."

"அப்ப நான் அங்க வந்துட்டா, சாயங்காலமானா நாம ரெண்டு பேரும் என்னங்க செய்ய?"

"தெரியல பிள்ள. நீ வா."